வாயில் வைத்த விரல்

அந்தப் பாலர் பள்ளியின் சிமெண்டுத் தரையில் கண்ணை மூடிப் படுத்திருந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. போன வருடம் நடந்தது. மறந்து தொலைக்கலாம் என்றால் முடியவில்லை.

கல்லூரியில் கடைசித் தவணைக்கு எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு, வசனமே இல்லாமல், உடம்பை மட்டும் வைத்து ஒரு நாடகம். கதையை யாரும் எழுதித் தரமாட்டார்கள். நாங்களே விழுந்து புரண்டு கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் நான்கு பெண்கள். ஆறு வாரம் முட்டி தேய்ந்தது. இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நின்று கைகளை விரித்தால் மரம். ஒருத்தி குரங்கு. நான் மரத்தடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்குகிறவள். நாங்கள் நடிக்கப் போகிற கோல சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்குக் குரங்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கையில் பையைப் பார்த்தால் போதும், பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும்.

நாடகத்தின் உயிரே ஒரு விதிதான். குரங்கு பொட்டலத்தைத் தொடும்போது பிள்ளைகள் கத்த வேண்டும். கத்தினால்தான் நான் எழுவேன். அதை யோசித்தது நான். அவர்கள் குரலுக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"கத்தலன்னா என்னா பண்றது லா?" என்று குரங்காக நடித்தவள் கேட்டாள்.

"சின்னப் பிள்ளைங்க லா. கத்தாம இருக்குமா?"

எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் போட்ட கூச்சலுக்கு, ஆட்களை அதட்டி வேலை வாங்கும் மண்டோரே காதைப் பொத்திக்கொண்டு போவார்.

புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி, ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது பள்ளி. வேனிலிருந்து இறங்கினோம். சத்தமே இல்லை. உள்ளே இருபது பிள்ளைகள் சப்பணம் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருபது பேரும் வாயில் விரல் வைத்திருந்தார்கள்.

தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே வந்தார். "மூணு நாளா பழக்கி வச்சிருக்கேன். ஒரு சத்தம் வராது, பாருங்க."

மார்க் போடத் தன் காரில் வந்திருந்த எங்கள் விரிவுரையாளர் மெச்சித் தலையாட்டினார். "டீச்சர், இவங்க கத்தணும் டீச்சர்" என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. இரண்டு பெரியவர்களின் முகத்தையும் பார்த்தேன். "ரொம்ப நன்றி டீச்சர்" என்றேன். சீ, என்ன ஜென்மம் நான்!

மரம் நின்றது. நான் படுத்தேன். குரங்கு இறங்கி வந்தாள். பொட்டலத்தைத் தட்டினாள், மோந்து பார்த்தாள், என் மூக்குக்கு மேலே ஆட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. திரும்பப் போய் முதலிலிருந்து இறங்கி வந்தாள். கையை விரித்தே நின்ற மரத்துக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கத்துங்கடா செல்லங்களா, கத்தித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை மெல்ல முனகினாள். "அக்கா... கொரங்கு..."

மேசைமேல் அடிக்கோல் படாரென்று விழுந்தது. "ஷ்! வெரல் எங்க?"

அவ்வளவுதான். குரங்கு பொட்டலத்தோடு போய்விட்டாள். யாரும் எழுப்பாமல் நானாகவே எழுந்து கும்பிட்டேன். பிள்ளைகள் ஒரே தாளத்தில் கைதட்டினார்கள். அதற்கும் பழக்கி வைத்திருந்தார் அந்த அம்மா.

விரிவுரையாளர் உடனே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் சாமான்களை ஏற்றி முடிப்பதற்குள் பிள்ளைகளை இடைவேளைக்கு விட்டுவிட்டார்கள். வேன் நகரும்போது வேலிப்பக்கம் ஒரே கத்தல். அதே பெண் குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"அக்கா! எந்திரிங்க! கொரங்கு எடுத்துருச்சு!"

பின்னால் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். "எந்திரிங்கக்கா! எந்திரிங்க!"

தொண்டை கிழியக் கத்தினார்கள். இவ்வளவையும் அந்தக் குட்டி விரல்களுக்குப் பின்னால் அடக்கி வைத்திருந்தார்களா? எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் விரிவுரையாளர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க ஐடியா நல்லாத்தான் இருந்துச்சு. தோட்டத்துப் பிள்ளைங்கதானே, கொஞ்சம் மந்தம். கத்தத் தெரியல. உங்க மேல தப்பில்ல."

எங்களுக்கு நல்ல மார்க். வேலியோரம் கேட்ட சத்தம் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்தான். குரங்காக நடித்தவள் மேசைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதித்தாள்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏதாச்சும் சொல்லணுமா?"

"இல்ல சார்" என்றேன்.