உடைத்துப் பார்க்கிறவள்

குரங்குக் குல்லாவை இரண்டு காதும் மூடும்படி இழுத்துவிட்டு, ஸ்வெட்டரின் மேல் இன்னொரு ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு, குளிரறைக் கதவைத் தோளால் தள்ளுகிறாள். வெளியே தார் உருகுகிற வெயில். இதே கோலத்தில்தான் பஸ்ஸிலும் வருகிறாளாம். "பக்கத்து சீட்ல யாருமே உக்கார மாட்டேங்கறாங்கக்கா. வசதியா இருக்கு" என்கிறாள்.

கல்லூரி விடுமுறைக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி. நான் இங்கே முனைவர் பட்டத்துக்காகப் பல ஆண்டுகளாக மாரடித்துக்கொண்டிருப்பவள். பயிர்களை அழிக்கும் ஒரு கிருமியின் புரதத்தைப் படிகமாக்க வேண்டும். படிகமானால்தான் அதில் எக்ஸ்ரே பாய்ச்சி, புரதத்தின் உருவத்தைக் கண்டறிய முடியும். அது எனக்குப் பிடிகொடுக்கவே இல்லை. சலித்துப்போய், மிச்சமிருந்த புரதத்தை இவளிடம் கொடுத்து "விளையாடு" என்று விட்டுவிட்டேன்.

இவள் விளையாட்டாக எடுத்துக்கொண்டால்தானே! புரதம் கெடாமலிருக்கக் குளிரறையில் வைத்த தட்டில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி புரதம், ஒரு துளி உப்புக் கரைசல். மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை. நான் எப்போதாவது எட்டிப் பார்ப்பேன். இவள் தினமும் நுண்ணோக்கியில் குனிந்து ஒவ்வொரு துளியையும் நலம் விசாரிக்கிறாள். மூச்சுக் காற்று பட்டால் கண்ணாடி மங்கிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பிறகு தலையைத் திருப்பி ஒரு பெருமூச்சு. "இவன் நேத்து மாதிரியே மந்தமா இருக்கான். இவ திரிஞ்சே போயிட்டா. இவனை நம்பலாம்க்கா, முகத்துல ஒரு களை இருக்கு." துளிக்கு ஏதடி முகம் என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியலையா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாள்.

வந்த புதிதில் ஒருநாள் போட்டாளே ஒரு கூச்சல்! துளிக்குள் பளபளவென்று ஒரு படிகம். எல்லாரும் ஓடிவந்தோம். கேக் வந்தது, வெட்டியாயிற்று, தின்றாயிற்று. அதற்கப்புறம்தான் யாருக்கோ ஊசி ஞாபகம் வந்தது. படிகம் புரதமா, வெறும் உப்பா என்று அறிய ஒரு முரட்டு வழி உண்டு: மெல்லிய ஊசியால் அழுத்திப் பார்ப்பது. உப்பு என்றால் கல் மாதிரி எதிர்த்து நின்று, "டக்"கென்று தெறிக்கும். புரதம் என்றால் நனைந்த பிஸ்கட் மாதிரி சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். அன்று "டக்" கேட்டது. யார் முகத்திலும் ஈயாடவில்லை. இவள்தான், "கேக் நல்லாத்தானே இருந்துச்சு? அப்புறம் என்ன?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கை கழுவும் இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

நேற்று மறுபடியும் ஒன்று. இந்தத் தடவை கத்தவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா, வந்து பாருங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள். துளியின் ஓரத்தில், சீவி வைத்த விளிம்புகளோடு, ஒரே ஒரு படிகம். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

ஒன்றே ஒன்று என்பதுதான் சிக்கல். எக்ஸ்ரே நிலையத்தில் எங்கள் முறை வர மாதக்கணக்கில் ஆகும். இவளுக்கோ இந்த வாரத்தோடு பயிற்சி முடிகிறது. இப்போதே தெரிய வேண்டுமானால், இருக்கிற ஒன்றையும் உடைக்க வேண்டும். எப்படியோ சேதி போய், எங்கள் பேராசிரியரும் குளிரறைக்கு வந்துவிட்டார்.

"உடைக்காம வெச்சிருக்கலாம்மா. என்ன ஏதுன்னு அப்புறமா உனக்குச் சொல்லி அனுப்பறோம்" என்றார்.

"அது உப்பா இருந்துட்டா சார்?"

"இருக்கலாம்."

"அப்போ மாசக்கணக்கா வீட்ல உக்காந்து ஒரு உப்பை நெனச்சுக்கிட்டே இருக்கணுமா? புரதம்னா, என்ன கலந்தேன்னு தெரியும், அக்கா மறுபடி வளர்த்துக்குவாங்க. உப்புன்னா போய்த் தொலையட்டும்!"

அவர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். என்ன இருந்தாலும் அது என் புரதமாயிற்றே. "உடை" என்று தலையை ஆட்டினேன்.

மூடியைக் கழற்றினாள். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, ஊசியைத் துளிக்குள் இறக்கினாள். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். குளிரறை விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அப்போதும் சத்தமில்லை.

"உதிருதுக்கா!" என்றாள். ரகசியம் பேசுகிற குரல்தான். அடுத்த நொடி குளிரறையே அதிர்ந்தது. "ஐயோ, பொலபொலன்னு உதிருதுக்கா!"

நான் வெட்கமில்லாமல் அழுதேன். இத்தனை ஆண்டு எனக்குத் தண்ணி காட்டிய புரதம், இதோ வழிக்கு வந்துவிட்டது. என் கையால் இல்லை, பரவாயில்லை, வந்துவிட்டது! பேராசிரியர் கைதட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நுண்ணோக்கியை நெருங்கினார்.

"கொஞ்சம் நகரும்மா, நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்."

அவள் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நுண்ணோக்கியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, பொறுங்கள் என்று அவருக்கு உள்ளங்கையைக் காட்டினாள்.