தப்புச் சத்தம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தால் மலையில் வேலை நின்றுவிடும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் சேராது, கொழுந்துக் கூடையை யாரும் தொடமாட்டார்கள். அன்றைக்கு லிந்துலைப் பக்கத்து எங்கள் லயத்து வீட்டு வரிசையில் வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான். தோட்ட வேலை வேண்டாம் என்று படித்தவன் அல்லவா, அனுபவிக்க வேண்டியதுதான்!

கொழும்புக் கம்பெனி ஒன்றின் ஜாவா மென்பொருள் வெளிநாட்டு சேர்வரில் ஓடுகிறது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவிலிருந்து பார்ப்பது என் பிழைப்பு. திரையில் மெமரிக் கோடு ஏறும், வேண்டாத தரவுக் குப்பையை ஜாவா தானே கூட்டியதும் இறங்கும். அன்றைக்கு ஏறிய கோடு இறங்கவே இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். ஆனால் மேலாளர் சொல்லாமல் கை வைக்கக் கூடாது. நான் எழுந்துபோன நேரம் பார்த்து மெமரி நிரம்பி மென்பொருள் நின்றுபோனால் என் வேலை போய்விடும்.

இறந்தவர் அடுத்த காம்பரா மாமா. எனக்கு சிக்னல் கிடைக்கவில்லை என்று கூரையில் ஏறி ஆன்டெனா கட்டிக் கொடுத்தவர். பிள்ளையில்லை. காலையிலேயே அத்தை வந்து கேட்டார்.

"தம்பி, மாமாவுக்கு நீதான் தோள் குடுக்கணும். வந்துருவதானே?"

"வந்துருவேன் அத்தை."

ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று கேட்டதற்கு மேலாளர் ஹெட்செட்டில் யோசித்துக்கொண்டே இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெளியே பாடை தூக்கிவிட்டார்கள்.

"என்ன சத்தம் அது?"

"தப்புங்க."

"தப்போ? எதில தப்பு? சேர்வர் லொக்கில காட்டுதோ?"

"ரோட்டுலங்க. சாவு வீட்டுல அடிக்கிற தப்பு. நான் தோள் குடுக்கப் போகணும்."

"பறையோ! நான் பயந்திட்டன்" என்று சிரித்தார். "கொஞ்சம் பொறும், மேல கேட்டுச் சொல்லுறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக் திறந்திருந்ததால் வாய்வரை வந்த வசவை விழுங்கினேன்.

பாடை என் வாசலுக்கு நேரே வந்து நின்றது. தப்பும் நின்றது. எல்லோரும் உள்ளே பார்த்தார்கள். நான் ஹெட்செட்டோடு எழுந்து நின்றேன். வயர் அதற்குமேல் விடவில்லை.

"சத்தம் நிண்டிட்டுதே?" என்றார் மேலாளர்.

"எனக்காக நிக்குதுங்க."

"அப்ப கோடு?"

"இறங்கலைங்க."

"அப்ப அங்கயே இரும்."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு தூக்கியவர்களிடம் திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னார்:

"போங்கப்பா. தம்பிக்கு இன்னிக்கு வேலை."