எங்கள் அண்ணனும் ‘சுரக்கட்டை’ இதழும்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மலரில் அவரைப் பற்றி நல்லவிதமாக எழுது என்று இளைய தங்கையான என்னிடம் மதினி சொன்னார்கள். நல்லவிதமாகத்தான் எழுதுகிறேன். இடையிடையே கோபம் எட்டிப் பார்த்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அலங்காநல்லூர்ப் பக்கத்தில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா போனபின் தங்கைகள் இருவரையும் கரையேற்றினார். மதுரையில் பள்ளி ஆசிரியரானார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அந்தக் குணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் கருத்து.

எழுபதுகளின் கடைசியில் மெல்லிசைக் குழுக்களுக்கு எலக்ட்ரானிக் கீபோர்டு வந்தது. எந்தெந்தச் சுவிட்சுகளைச் சேர்த்துப் போட்டால் புல்லாங்குழல் வரும், எதில் வயலின் வரும் என்பதெல்லாம் வாசிப்பவர்களுக்குத் தொழில் ரகசியம். கல்யாணக் கச்சேரியில் சுவிட்சுகளைத் துண்டால் மூடிக்கொண்டு வாசிப்பார்கள். அதைக் கேட்டு எழுதி எல்லோருக்கும் பொதுவாக்கத்தான் அண்ணன் ‘சுரக்கட்டை’ மாத இதழைத் தொடங்கினார். அவரிடமோ கீபோர்டு கிடையாது. வாங்கச் சேர்த்ததெல்லாம் அச்சுக் காகிதமாகப் போயிற்று. ஓர் அட்டையில் கட்டைகளை வரைந்து அதில்தான் விரல் ஓட்டுவார். ஆகவே பிறர் எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் அச்சிட வேண்டும்.

நாதஸ்வர ஒலிக்குப் பேர்போனவர் செல்லூர்க்காரர் ஒருவர். “அடுத்த வாரம் வாங்கண்ணே, எழுதித் தாரேன்” என்று பல மாதம் அலையவிட்டுக் கடைசியில் சுவிட்சு எண்கள் மூன்று, நான்கு, எட்டு என்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை முதல் பக்கத்திலேயே போட்டார். அது முகூர்த்த மாதம். பக்கத்துக் குழுக்காரன் காதில் விழுந்துவிடுமே என்று வாசகர்கள் ஒத்திகைகூடப் பார்க்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் லாரி ஹாரன் சத்தம்தான் வந்தது. இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கே வந்து இதழைக் கிழித்துப் போட்டார்கள்.

“வேணும்னே தப்பா எழுதிக் குடுத்திருக்காரு. அவரு பேரைப் போட்டு எழுதுங்கண்ணே” என்றேன்.

“வேணாம் தாயி. பேரு கெட்டா அவருக்குக் கச்சேரி வராது. அச்சுல தப்பு விழுந்துருச்சுன்னு போட்டுக்கிருவோம்.”

அப்படியே போட்டார். சரியான எண்ணைத்தான் போட முடியவில்லை. இந்த இதழை நம்ப முடியாது என்று சந்தாதாரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். சில மாதங்களில் இதழ் நின்றது. அதற்குப் பிறகும் அண்ணன் செல்லூருக்குப் போய் வந்தார். ஒரு திருத்தம் போட்டுவிட்டு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்பார். நெஞ்சுவலியில் படுத்திருந்தபோதும், “செல்லூர்க்காரரு ஏதும் சொல்லி அனுப்புனாரா?” என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினாறாம் நாள் செல்லூர்க்காரர் மாலையோடு வந்தார். படத்துக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

“நாலாவது சுவிட்சு இல்ல தாயி. அஞ்சாவது.”

“இத அவரு இருக்கப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணே?”

“சொன்னா அவரே எனக்குப் போட்டியா வந்துருவாருன்னு நெனச்சேன்.”

நான் உள்ளே போய் அந்த அட்டையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். விரல் பட்டுப் பட்டுக் கட்டைகள் பாதி அழிந்திருந்தன.

“எங்கண்ணன் வச்சிருந்த கீபோர்டு இதுதான்.”

அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை. அவர் பெயரை நான் எழுதாதது அண்ணனுக்காக.

அண்ணனைக் கடைசிவரை கண்ணாகக் கவனித்த மதினிக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அக்கம்பக்கத்தாருக்கும், இந்த மலரை முன்னின்று அச்சிட்டுத் தந்த, இதழின் பழைய அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ‘சுரக்கட்டை’ வாசகர் யார் கையிலாவது இது கிடைத்தால், அண்ணன் போட நினைத்த திருத்தம் இதோ: நாதஸ்வர ஒலிக்கு மூன்று, ஐந்து, எட்டு. முன்பு வந்தது அச்சுப்பிழை அல்ல.