எத்தினி சென்ட்டு வரும்?

அந்தச் சதுக்கத்தில் இப்போது சங்கிலி கட்டி, 'இங்கே அமரக் கூடாது' என்று பலகை வைத்திருக்கிறார்கள். போன வாரம் அம்மாவோடு போனபோது அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்ல, உங்களை ஒரு லாரியில் ஏற்ற வேண்டும்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல்கள் நடந்த வருடங்கள் அவை. மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டதால் கள்ளக்குறிச்சிக்கே பஸ் வராத நாட்கள் உண்டு. பட்டணத்தில் பெரிய ஊர்வலம் என்று, கல்வராயன் மலையடியில் இருந்த எங்கள் ஊருக்குக் கரும்பு லாரி ஒன்று வந்து நின்றது. பலகையெல்லாம் சாறு ஊறிப் புளித்த வாசனை. இன்றைக்கும் கரும்புச்சாறு வண்டியைக் கடந்தால் எனக்கு ஊர்வலம்தான் ஞாபகம் வரும்.

அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டாள். பத்தாவது முடித்திருந்தேன், எங்கள் குடும்பத்தில் படிக்கத் தெரிந்த முதல் ஆள். அந்தப் பெருமையில் வழிநெடுகக் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்தேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். என்னை மேலே படிக்க வைப்பதா, கரும்பு வெட்டக் கூட்டிப்போவதா என்று அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை.

ஊர்வலம் முடிந்து இந்தச் சதுக்கத்துக்கு வந்தோம். ஒரு தலைவரைச் சுட்டுக் கொன்ற இடம். பக்கத்திலேயே அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய கைக்கடிகாரம், கறை படிந்த சட்டை.

"இன்னா எழுதிக்கீது, படி பொண்ணே!"

லாரிப் பெண்கள் சூழ்ந்துகொள்ள, ரேடியோ செய்தி வாசிப்பவள் போல நீட்டி முழக்கினேன். அவர் விழுந்த இடத்தில் ஒரு கல்லைப் பதித்திருந்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

வெளியே புல்தரையில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தபோது அம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டி, எடம் எப்ப குடுப்பாங்க? எத்தினி சென்ட்டு வரும்?"

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. சொந்தமாக ஓர் அடி மண் இல்லாத அம்மா, இட ஒதுக்கீடு என்றால் வீட்டு மனை என்று நம்பி வந்திருந்தாள். யாரும் ஏமாற்றாமல் பட்டாவைப் படித்துச் சொல்லத்தான் என்னைக் கூட்டி வந்திருந்தாள்.

"மண்ணு இல்லம்மா. காலேஜில, கவருமெண்டு வேலைல எடம்."

பக்கத்து வீட்டுக் குப்பாயி அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கம்மா வழியெல்லாம் அளந்துக்கினு வந்தாடீ! கெழக்கால வாசலு, மூலைல மாட்டுக் கொட்டாயி..."

"மாடு எங்கக்கா கீது?" என்றேன்.

"எடம் வந்தா மாடு வராதா?"

அம்மா சிரிக்கவில்லை. சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்தாள். "செத்தவருக்கு இம்மாம் எடம் வுட்டுக்கிறாங்க," என்றாள். மனையும் இல்லை என்றால் கரும்பு வெட்டுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்த அம்மா கேட்டாள். "அந்தக் காலேஜி எடத்த நம்ம கிட்டேர்ந்து யாருனா புடுங்கிக்க முடியுமா?"

"முடியாதும்மா."

"அப்ப போயி அதுல குந்து."

படித்தேன். இன்று திருக்கோவிலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை.

அந்தப் புல்தரை இப்போது இல்லை, கல் பாவிவிட்டார்கள். பொட்டலம் பிரித்துக் கதை பேசும் லாரிக் கூட்டமும் இல்லை. அம்மா பலகையைக் காட்டினாள்.

"இன்னா போட்டுக்கீது?"

"இங்க குந்தக் கூடாதாம்மா."

அம்மா அந்தச் சங்கிலியை ஒரு பார்வை பார்த்தாள். "நீதான் குந்திட்டியே, வா," என்று முன்னால் நடந்தாள்.