கேரட் கழுவும் டிரம்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வத்தலக்குண்டிலிருந்து வெறுங்கையோடு பஸ் ஏறி வந்து, கொடைக்கானல் பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு ஆணி மூட்டை சுமந்து, கடைசியில் அந்தக் கடைக்கே சொந்தக்காரன் ஆனேன். என் கடைச் சாமான் ஒன்றுகூட இல்லாத வீடு இந்த மலையில் இருந்தால் காட்டுங்கள் பார்க்கலாம். அதனால் போன வருஷம் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டதில் ஆச்சரியமே இல்லை. இவ்வளவு காலம் ஏன் கூப்பிடவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் திண்டுக்கல்லில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். நடுவர்கள் இரண்டு ஆசிரியர்கள். சுவர் முழுக்க ஆங்கிலத்தில் எழுதிய அட்டைகள். எனக்கு அது வாசிக்க வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "கழட்டு."

செய்த கைக்குத்தான் கழற்றத் தெரியும். விலைக்கு வாங்கி வந்த பிள்ளையும், அப்பாவைச் செய்யச் சொன்ன பிள்ளையும் அந்த ஒரு சொல்லில் திணறிவிடும். கல்லாவில் உட்கார்ந்தே நான் கண்டுபிடித்த பரீட்சை இது. எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள். பளபளவென்று சுற்றிய ஒரு காற்றாலைக்குப் பக்கத்தில் நின்ற பையன், "கழட்டுனா எங்கப்பா வைவாரு தாத்தா" என்றான்.

கடைசி மேசைக்குப் போகவிடாமல் ஆசிரியர்கள் என்னைத் திருப்பப் பார்த்தார்கள். ஒருவரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அது ஓடலைங்க பாய். தண்ணியப் பீச்சியடிச்சு என்னையக் குளிப்பாட்டிருச்சு."

அங்கே, பள்ளங்கி கிராமத்திலிருந்து வந்து படிக்கும் எட்டாம் வகுப்புப் பெண் நின்றாள். நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் படுக்கவைத்து, சுற்றிலும் ஓட்டை போட்டு, பழைய சைக்கிள் பெடலோடு பூட்டியிருந்தாள். உள்ளே கேரட்டைக் கொட்டி, ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுக்கொண்டே மிதித்தால் மண் கழன்றுவிடுமாம். தோட்டத்தில் கேரட் கழுவுவது அவள் அம்மா. மார்கழித் தண்ணீரில் கையை விட்டு விட்டு விரலெல்லாம் மரத்துப்போகிறதாம்.

"ஓடலன்னா விடு தாயி, அடுத்த வருஷம் பாத்துக்கிரலாம்" என்றேன்.

"அடுத்த வருஷம் நான் உசுரோட இருந்தாத்தான? டிரம்மு எங்கப்பாவோடது. வீட்டுல தண்ணி பிடிச்சு வைக்கிறது. நான் ஓட்ட போட்டது அவருக்குத் தெரியாது. மூணு மணிக்கு இங்க வாராரு. செலக்ட் ஆயிட்டேன்னா நாலு பேரு முன்னால ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மணி இரண்டரை.

"அப்பக் கழட்டு" என்றேன்.

ஸ்பேனரை எடுத்தாள். யாரையும் பார்க்கவில்லை. ஹோஸ் சேரும் இடத்தைத் திருகிப் பிரித்து, உள்ளே மடங்கிக் கிடந்த ரப்பர் வாஷரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது முக்கால் இஞ்சுல்ல? எந்த மடையன் குடுத்தான்?"

"நீங்கதான் பாய் தாத்தா. அர இஞ்சுதான் கேட்டேன். அளந்து குடுங்கன்னேன். என் கண்ணே ஸ்கேலு, போ பிள்ளன்னீங்க."

ஆசிரியர்கள் இருவரும் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் போனை எடுத்து, கடையிலிருந்து சரியான வாஷரைக் கொண்டுவரச் சொல்லப் போனேன்.

"வேணாம், அதுக்கெல்லாம் நேரமில்ல" என்றாள். பையிலிருந்து கிழிந்த சைக்கிள் டியூபை எடுத்து, வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டுப் பூட்டினாள். குழாயைத் திறந்ததும் நனைந்த சட்டைக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பூட்டிய இடத்தில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அவள் மண்ணோடு கேரட்டைக் கொட்ட, நானே உட்கார்ந்து மிதித்தேன்.

"இம்புட்டு வெரசா மிதிக்காதீங்க, கேரட்டு ஒடியும்!"

பஜாரில் என்னை அதட்ட ஆள் கிடையாது. அன்றைக்குச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். கேரட் வெளியே வந்தபோது குளித்துத் தலைதுவட்டிய பிள்ளைபோல் சிவந்து கிடந்தது.

நடுவர்கள் கூடிப் பேசி, மூன்றாவதாக அவள் பெயரை எழுதினார்கள். பரிசு கொடுக்கும்போது வாஷர் கதையை நானே மைக்கில் சொன்னேன். தன் தப்பை மைக் பிடித்துச் சொல்கிற வியாபாரி என்னைத் தவிர இங்கே வேறு யார் இருக்கிறார்? கைதட்டலும் எனக்குத்தான் அதிகம்.

அவள் அப்பா பின்வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கூட்டம் கலைந்ததும் நேரே டிரம்மிடம் போனார். குனிந்து, ஒவ்வொரு ஓட்டையாக விரலை விட்டுப் பார்த்தார். அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஏ பிள்ள, இங்க வா. போட்டதுதான் போட்ட, இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடக் கூடாதா? நம்ம தோட்டத்து மண்ணு பிசுபிசுன்னு ஒட்டுமில்ல? பாரு, பாதி ஓட்ட அடைச்சுக்கிட்டுக் கெடக்கு."

அவள் மெதுவாக வெளியே வந்தாள். "ஸ்கூல்ல அதுக்கு மேல பெரிய டிரில் பிட் இல்லப்பா."

என் கடையில் எல்லா அளவிலும் இருக்கிறது. ஆனால் அப்பாவும் மகளும் டிரம்முக்குள் தலையை விட்டுப் பேசிக்கொண்டிருந்ததால், அதை நான் அப்போது சொல்லவில்லை.