கைதட்டாமல் எழுந்து போனவர்

எனக்குப் பேசத் தெரியவில்லை என்று முதன்முதலில் உறைத்தது, கைதட்டல் வாங்கிய நாளில்தான்.

மல்லசமுத்திரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் நான் கிராம சேவக், விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் சர்க்கார் ஊழியன். டவுனில், செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் வளர்ந்து, பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவன். சீமை உரத்தின் பலனை ஊருக்குக் காட்ட, யாராவது ஒருவர் அரை ஏக்கர் மாதிரி வயல் தரவேண்டும். அதற்காகத்தான் பள்ளிக்கூடத்து வாசலில் கூட்டம் போட்டேன். நாற்பது பேர் வந்திருந்தார்கள். குரல் ஏற ஏற எனக்குக் குஷி பிறந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கைகாட்டி, "இவர் மிளகாய்த் தோட்டத்தைப் பாருங்கள்! ஒரு செடியில் எண்பது காய் எண்ணினேன். இந்தப் பிர்க்காவிலேயே இப்படியொரு விளைச்சல் கிடையாது!" என்றேன்.

இளவட்டங்கள் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அந்த ஊரில் அரை ஏக்கருக்கு அரைமனதாகவாவது தலையாட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் அவர் தோட்டத்தில் சுண்ணாம்புப் புள்ளி வைத்த கரிச்சட்டியும் பிய்ந்த செருப்பும் தொங்கின. கண் பட்டதற்குக் கழிப்பு. என் கண்தான். அவர் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"ஏனுங்க சாமி, நாலு பேரு மின்னால காய எண்ணிச் சொல்லுவாங்களா? எங்கூட்டுப் புள்ளைகளையே நாங்க எண்ண மாட்டமுங்க. நல்லாப் படிச்சீங்க போங்க."

"பாராட்டத்தானுங்க சொன்னேன்."

"பாராட்டுனது போதுமுங்க. அரை ஏக்கரா அது இதுன்னு இனி இந்தப் பக்கம் வராதீங்க."

மூன்றாவது வாரம் அந்தத் தோட்டத்தில் இலைச்சுருட்டை விழுந்தது. அது பேன் பூச்சியின் வேலை, என் கண்ணின் வேலையல்ல. யாரிடம் போய்ச் சொல்ல? டீக்கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுபோனது. ஒருவர் மட்டும் சத்தமாக, "ஆட்டுக்குட்டிகளக் கூடையப் போட்டு மூடுங்கப்பா, சேவக்கு வாராரு. எண்ணிப்போடுவாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பிளாக் ஆபீசில் அதிகாரி கேட்டார்: "கூட்டம் பிரமாதமாமே?"

"ஆமாங்க சார்."

"நிலம்?"

"இன்னும் அமையலீங்க சார்."

"மாசக் கடைசிக்குள்ள ஒரு வயலக் காட்டு. இல்லேன்னா உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி என்னால எழுத முடியாதுப்பா. பேச்சாளர் வேலை எங்கிட்ட காலி இல்ல."

மிளகாய்த் தோட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். சைக்கிள் மிதிக்கும்போதே வாசகத்தைத் தயார் செய்துகொண்டேன். அழகான, நீளமான வாசகம். அவர் கிணற்றில் மாடு கட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் கிணற்றை ஒட்டிய சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து அவரும் இறங்கிவிடுவார். உருளையின் கிறீச்சிலும் கிணற்றிலிருந்து அள்ளிவரும் சாலிலிருந்து கொட்டும் தண்ணீரின் இரைச்சலிலும் எதுவும் காதில் விழாது. மாடுகள் பின்னடி வைத்து மேடேறும் கொஞ்ச நேரம்தான் அமைதி. என் வாசகம் அதற்குள் அடங்கவில்லை. பாதியில் இறங்கிப் போய்விடுவார். திரும்பியதும் நான் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை வாசகத்தை விட்டுவிட்டேன். "தப்புங்க. என்னோட தப்புங்க" என்று மட்டும் வந்தது.

அவர் மாட்டைத்தான் பார்த்தார். இன்னொரு சால் இறைத்துவிட்டு மேலே வந்து, "சுருட்டைக்கு மருந்து கிருந்து இருக்குதுங்களா?" என்றார்.

இருக்குதுங்க என்றிருந்தால் போதும். நானோ அந்தப் பூச்சி முட்டையிடும் விதத்திலிருந்து ஆரம்பித்தேன். முட்டை பொரிவதற்குள் அவர் சரிவின் அடியில் இருந்தார். அடுத்த தடவை வந்தபோது எதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்த தடவையும் கேட்கவில்லை. மாடுகளை அவிழ்க்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இதை எழுதும்போது மாதம் முடிய ஆறு நாள் இருக்கிறது. சுருட்டைக்குப் புகையிலையை ஊறவைத்திருக்கிறேன், கலக்கப் பார் சோப்பும் வாங்கியாகிவிட்டது. காலையில் கைத்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிணற்றுக்குப் போகவேண்டும். மாடுகள் மேடேறும்போது, "புகையிலைக் கஷாயமுங்க. ஒரு வரிசைக்கு அடிச்சுப் பாக்கட்டுங்களா?" அவ்வளவுதான் சொல்லப்போகிறேன். அரை ஏக்கரைப் பற்றி நானாக எடுக்கப்போவதில்லை. பிறகு, எத்தனை சால் ஆனாலும், அவர் பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும்.