நாலாவது முட்டுக்கட்டை

நனைந்த தார்ப்பாய்க்கு ஒரு வாசனை உண்டு. மெழுகும் ஈரச் சணலும் புகையும் கலந்து, தொண்டையின் அடியில் போய்ப் படிந்துகொள்ளும் வாசனை. தீர்த்தமலைக்கு அப்பால் காட்டோரத்தில் இருந்த எங்கள் ஊரில் அதைப் "படுதா" என்போம். உலகச் சண்டை நடந்த காலம். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். மரம் வெட்ட ஏலம் விட்ட காட்டுப் பகுதியைக் "கூப்பு" என்பார்கள். அங்கே வெட்டிய மரங்கள் லாரியேறி மொரப்பூர் ரயிலடிக்குப் போகும். என் அப்பா மாதையன் அந்தக் கூப்பில் லாரிக்குப் பாரம் கட்டுகிறவர்.

லாரி என்றால் பக்கப் பலகை ஏதும் இல்லாத மொட்டைத் தளம். பெட்ரோல் கிடைக்காததால் அது கரிப்புகையில் ஓடியது. டிரைவருக்குப் பின்னால் ஆளுயர இரும்புப் பீப்பாயில் அடுப்புக்கரி எரிந்துகொண்டிருக்கும். ஒருவர் கைக்குள் அடங்காத உருண்டை மரங்களைச் சாய்த்து வைத்த கழிகளின்மேல் கயிறு போட்டு உருட்டி ஏற்றுவார்கள். தளத்தின் விளிம்பில் முளைக்கம்புகள் நிற்கும். சங்கிலி சுற்றிய பிறகு, அடிவரிசையில் இரண்டு ஓரத்து மரங்களும் உருளாதபடி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று, ஒருபக்கம் சீவிய நான்கு முட்டுக்கட்டைகளை அடித்து இறுக்குவார்கள். பொறி பறந்து பட்டையில் பற்றிக்கொள்ளக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் மேலே படுதாவை இழுத்து மூடி, அதன்மேல் கயிறு. "உருண்டைச் சாமானுக்குத் தானா படுக்கத் தெரியாது, நாமதான் படுக்க வெக்கணும்" என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

ஊர்ப் பெண்களோடு நானும் கூப்புக்குப் போவேன். மரம் செதுக்கிய இடத்தில் சிதறிக் கிடக்கும் மரச்சில்லான "செராய்" அடுப்புக்கு ஆகும் என்பதால் அதைக் கூடையில் பொறுக்கி வருவோம்.

ஐப்பசியில் ஒருநாள், பாரம் கட்டிக்கொண்டிருக்கும்போதே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழையில் நனைந்தால் பட்டை வழுக்கும். டிரைவர் அவசரப்படுத்தினார். "மாதையா, படுதாவ மொதல்ல போடுங்க. ரயிலு நமக்காக நிக்காது." அப்பாவும் அவருடைய கூட்டாளி பச்சியப்பனும் ஆளுக்கொரு பக்கமாகப் படுதாவை இழுத்தார்கள். கயிறு முடிந்ததும் மழை கொட்டியது. ரயிலடியில் மரம் இறக்குவதற்காகப் பச்சியப்பன் லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு போனார். அவர் அப்பாவை "அண்ணா" என்று கூப்பிடுவார். எனக்குச் சித்தப்பா முறை.

லாரி காட்டாற்றைத் தாண்டிக் கரையேறும்போது மூச்சு வாங்கி நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கல் வைக்கச் சித்தப்பா இறங்கியிருக்கிறார். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து பின்னால் நகர, இடது ஓரத்து அடிமரம் சங்கிலியிலிருந்து நழுவி உருண்டு, முளைக்கம்பை முறித்துக்கொண்டு, படுதாவையும் கிழித்துக்கொண்டு அவர் கால்மேல் விழுந்தது. கட்டிலில் போட்டு அரூர் வரைக்கும் தூக்கிப் போனார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

முளைக்கம்பு உளுத்துப் போயிருந்தது, யார்மேலும் தப்பில்லை என்று காண்ட்ராக்டரின் ஆள் அன்றைக்கே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை எல்லாரும் நம்பினார்கள். அப்பாவும் நம்பித்தான் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தார். அம்மா என் கூடையிலிருந்து செராயை எடுத்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்த ஒரு கட்டையை எடுத்தபோது அப்பா அவள் கையைப் பிடித்தார். ஒருபக்கம் சீவிய, முழ நீளக் கட்டை.

"இது எங்க கெடச்சுது?"

"லாரி நின்ன எடத்துலப்பா."

"லாரி போறதுக்கு முன்னயா, போன பொறவா?"

"போன பொறவு."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அம்மாவுக்கும் விளங்கிவிட்டது. "எரிஞ்சு போவட்டும் வுடுங்க. ஆருக்குத் தெரியப்போவுது?" என்று கட்டையை அடுப்புக்குள் தள்ளினாள். பற்றத் தொடங்கியதை அப்பா வெறுங்கையால் வெளியே இழுத்தார். இரண்டு விரல்கள் கொப்பளித்துப் போயின.

சித்தப்பா வீடு திரும்பிய மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். அவர் மனைவி முனியம்மா சின்னம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்து, "பச்சியப்பா, எடது பக்கம் பின்முட்டு நான் வெக்கல. கையில எடுத்தேன். மழ வருதுன்னு கீழ போட்டுட்டுப் படுதாவ இழுத்தேன். அப்புறம் மறந்துட்டேன்" என்றார்.

சித்தப்பா கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். அவர் திட்டுவார், அழுவார் என்று நான் பயந்தேன். ஆனால் அவர், "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணா. தெரிஞ்சா உங்கள இந்த வாசல்லயே சேக்க மாட்டா. அப்புறம் எங்க காட்ட ஆரு ஓட்டுறது?" என்றார். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா கூப்புக்குப் போகவேயில்லை. விடிந்ததும் சித்தப்பாவின் கேழ்வரகுக் காட்டை உழுவார். அங்கே வேலை முடிந்த பிறகுதான் எங்கள் காட்டில் கால் வைப்பார். எங்கள் களை எப்போதும் தாமதமாகத்தான் எடுபட்டது. ஆண்டுக்கணக்காக இப்படி நடந்தது. சின்னம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "கூடப் பொறந்தவன் செய்வானா இப்பிடி? எங்க மாமா மாதிரி மனுசன் இந்தச் சீமையில இல்ல." அவள் புகழத் தொடங்கினால் அப்பா எழுந்து மாட்டுப் பக்கம் போய்விடுவார். அடக்கம் என்று அதையும் சேர்த்துப் புகழ்வார்கள். சிறுமியாக இருந்த எனக்கே அந்தப் பேச்சைக் கேட்டால் எழுந்து வெளியே ஓடத் தோன்றும். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

அப்பா இறந்த அன்று அவள்தான் எல்லாரையும்விட உரக்க அழுதாள். "எங்கூட்டுக்குக் காலா இருந்தவரு போயிட்டாரே" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். கூட்டத்துக்கு அப்பால் கோலூன்றி நின்றிருந்த சித்தப்பா என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்பதுபோல.

அவர்கள் ஒருவர்கூட இன்று இல்லை. காட்டாற்றுக்குப் பாலம் வந்துவிட்டது. கூப்பு இருந்த இடம் வெட்டவெளியாகி, இப்போது மரவள்ளி போடுகிறார்கள். அன்று நடந்ததை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

சித்தப்பாவின் பேரன் பிறந்தபோது, தாத்தாவின் பெயரை வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, சின்னம்மா பிடிவாதமாக மாதையன் என்று வைக்கச் செய்தாள். அரூரில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் அவன் போன மாதம் வந்திருந்தான். "அத்தை, அவரு பேரை எனக்கு வெச்சுட்டாங்க. அவரு எப்பிடிப்பட்டவருன்னு ஒழுங்கா ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்க சொல்லுங்க" என்றான். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதனால்தான் எழுதினேன். இதை முதலில் அவனிடம்தான் கொடுக்கப்போகிறேன். படித்த பிறகும் அவன் அந்தப் பெயரோடு இருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.